ஆசிரியர்க்கு ஆசிரியராய் விளங்கிய ஈசுவரசந்திர வித்தியாசாகரர்

கல்விச்சாலையொன்று நிலைபெறுதற்கு வேண்டுவன யாவையென வினவின், இடம் என்பார் ஒருவர். பொருள் என்பார் ஒருவர். மாணாக்கர் தொகை என்பார் பிறிதொருவர். கற்பிக்கும் ஆசிரியனை முதற்கண் வைத்தெண்ணுவார் சிலரே. அவ்வாசிரியனுக்கும் கற்பிப்பார் ஒருவர் வேண்டுமென்றும், அவன் கையிற் கொடுக்கும் நூல் சிறுவர் நாவிற்கும் அறிவிற்கும் இசைய அமைதல் வேண்டுமென்றும் எண்ணுவார் அவரினும் சிலர். இவ்விரண்டனையும் தம் வாழ்நாட் பணியாக மேற்கொண்ட பெரியார் ஒருவர் 19ஆம் நூற்றாண்டில் வங்க நாட்டில் விளங்கினார். அவரே ஈசுவரசந்திர வித்தியாசாகரர்.

கைம்பெண்கள் மறுமணம் செய்துகொள்ள இடந்தரும் சட்டம் 1856ஆம் ஆண்டில் நிறைவேறியதற்கு இவரே பெருங்காரணர் என்பது பலரும் அறிந்தது. அச்செயலின் ஒளியில் இவர்தம் ஆசிரியப் பணி சற்றே மறைந்து நிற்கின்றது. நம் சங்கத்துக் குடும்பங்களில் ஆசிரியத் தொழிலை மேற்கொண்டோர் பலர். இனி மேற்கொள்ளக் கருதும் இளைஞரும் பலர். அவரெல்லாம் அறிந்து பயன்கொள்ளுமாறு அப்பணியையே ஈண்டுச் சுருக்கிக் கூறப் புகுகின்றேன்.

பிறப்பும் இளமையும்

மேதினிபுரப் பகுதியைச் சார்ந்த பீர்சிங்கா என்னும் சிற்றூரில் 1820ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 26ஆம் நாள் ஈசுவரசந்திரர் பிறந்தார். தந்தையார் தாகூர்தாஸ் வந்தியோபாத்தியாயர். தாயார் பகவதி தேவியார். அந்தணக் குடி, கல்விச் செல்வம் வழிவழி வந்த குடி, ஆயினும் பொருட்செல்வம் சிறிதும் இல்லாத குடி. தந்தையார் கல்கத்தாவில் மிகச் சிறு சம்பளத்திற்கு உழைத்து வீட்டைக் காத்து வந்தார். ஊர்ப் பள்ளியில் காளிகாந்த சட்டோபாத்தியாயர் என்பாரிடத்துச் சிறுவர் எழுத்தும் எண்ணும் பயின்றார். இப்பிள்ளைக்கு இவ்வூர்ப் பள்ளி போதாது, நகரத்திற்கு அழைத்துச் செல்க என்று தந்தையாருக்கு அறிவுறுத்தியவர் அவ்வாசிரியரே. தம்மிடத்து ஒரு மாணாக்கன் மேலும் கற்றற்கில்லை யென்பதை உணர்ந்து அவனை மனமுவந்து பிறரிடத்து அனுப்பும் ஆசிரியர் அரியர். வித்தியாசாகரர்க்கு வாய்த்த முதற்பேறு அத்தகைய ஆசிரியரைப் பெற்றமையாம்.

1828ஆம் ஆண்டில், எட்டு வயதுச் சிறுவராய்த் தந்தையாருடனும் ஆசிரியருடனும் கல்கத்தாவிற்கு நடந்து சென்றபொழுது நிகழ்ந்த நிகழ்ச்சியொன்றனைப் பிற்காலத்தில் அவரே தம் வரலாற்றில் எழுதிவைத்தனர். வழியோரத்தில் நாட்டப்பெற்றிருந்த கல்லொன்றைக் கண்டு, அம்மிக்கல்லைச் சாலையில் நட்டு வைத்திருப்பதேன் என்று அவர் தந்தையாரை வினவினார். அஃது அம்மியன்று, தொலைவு காட்டும் மைல் கல் என்றும், அதிற் பொறித்திருப்பவை ஆங்கில எண்கள் என்றும் தந்தையார் விளக்கினார். நகரத்தை நெருங்க நெருங்க எண் ஒவ்வொன்றாகக் குறைந்து வருமாதலின், 19ஆம் கல்லிலிருந்து 10ஆம் கல்லிற்கு வருவதற்குள் சிறுவர் ஆங்கில எண்கள் அனைத்தையும் கற்றுக்கொண்டார். மெய்யாகவே கற்றனரோ, முறையை யறிந்து சொல்லுகின்றனரோ என்பதை ஆராயக் கருதிய தந்தையார் 6ஆம் கல்லைக் காணவொட்டாது பேச்சிற் கடத்தி, 5ஆம் கல்லைக் காட்டி வினவினார். இங்கு ஆறு என்றிருத்தல் வேண்டும், பிழையாக ஐந்து என்று வெட்டியுள்ளனர் என்று சிறுவர் விடையிறுத்தார்.

இச்செய்தியைச் சிறுவரின் கூர்த்த மதிக்குச் சான்றாகவே பலரும் எடுத்துரைப்பர். யானோ தந்தையாரின் கற்பிக்கும் திறத்திற்கும் இதனைச் சான்றாகக் கொள்வேன். கண்முன் உள்ள பொருளைக் கொண்டு தொடங்குதல், ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் படிப்படியாகச் செல்லுதல், கற்றதை எதிர்பாராத இடத்தில் வைத்துச் சோதித்தல் என்னும் மூன்றும் அவ்வழிநடையில் அடங்கியுள்ளன. பின்னாளில் வித்தியாசாகரர் வகுத்த பாடமுறைகட்கெல்லாம் வித்து அச்சாலையோரத்தில் இடப்பட்டதென்று கூறின் அது மிகையாகாது.

மாணாக்கர் நிலை

1829ஆம் ஆண்டில் கல்கத்தா வடமொழிக் கல்லூரியிற் சேர்ந்த ஈசுவரசந்திரர் பன்னிரண்டு ஆண்டுகள் அங்கே பயின்றார். இலக்கணம், இலக்கியம், அணி, வேதாந்தம், மிருதி, தருக்கம், சோதிடம் ஆகிய துறைகள் பலவற்றையும் கற்றுத் தேறினார். பகலிற் கல்லூரி; காலையும் மாலையும் தந்தையார்க்கும் உடன்பிறந்தார்க்கும் சமையல்; இரவிற் பாடம். 1839ஆம் ஆண்டில் சட்டத் தேர்வில் தேறியபொழுது வித்தியாசாகரர் என்னும் பட்டம் இவர்க்கு அளிக்கப்பெற்றது. பட்டம் பெற்றார் பலர். பட்டமே பெயராக நின்றது இவர்க்கே.

இவ்வாறு பயின்ற காலத்தில் இவர் உள்ளத்தில் ஒரு வினா எழுந்து வளர்ந்தது. வடமொழி யிலக்கணத்தை வோபதேவரின் முக்தபோதம் என்னும் நூல் வழியாகவே அக்காலத்துச் சிறுவர் கற்றனர். நூலும் வடமொழி, விளக்கமும் வடமொழி. அறியாத மொழியை அறியாத மொழியின் வாயிலாகவே கற்கும் நிலையிற் சிறுவர் பொருளுணராது சூத்திரங்களை நெட்டுருச் செய்து மூன்று நான்கு ஆண்டுகளைக் கழித்தனர். இத்துன்பத்தைத் தாம் பட்டறிந்த வித்தியாசாகரர், தாம் வென்றுவிட்டமையால் பிறரும் அங்ஙனமே துன்புற்று வெல்க என்று கருதவில்லை. ஆசிரியராகத் தகுந்தவர்க்குரிய முதற்பண்பு இதுவேயாம்.

கல்லூரிச் சீர்திருத்தம்

1841ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் கோட்டை வில்லியம் கல்லூரியில் வங்கப் பகுதியின் தலைமைப் பண்டிதராக அமர்ந்தார். மாதச் சம்பளம் 50 ரூபாய். ஆங்கு இவர்பாற் பயின்ற மாணாக்கர் கும்பினியாரின் ஆங்கில உத்தியோகஸ்தர். வளர்ந்தவர்க்கு வங்கமொழி கற்பிக்கப் புகுந்த இவர், அம்மொழியில் எளிய உரைநடை நூல்கள் இன்மையைக் கண்டார். அக்குறை நீங்க 1847ஆம் ஆண்டில் வேதாளக் கதைகளை வங்க உரைநடையில் ஆக்கி வெளியிட்டார். அவ்வாண்டிலேயே தம் நண்பர் மதனமோகன தர்க்காலங்காரருடன் கூடி அச்சகமும் புத்தகசாலையும் நிறுவினார். பாடம் வகுப்பவர்க்கு அச்சுப்பொறி கையகத்திருத்தல் எத்துணை வலிமையென்பதை இவர் தெளிவாக உணர்ந்திருந்தார்.

இதற்கிடையில் 1846இல் தாம் பயின்ற வடமொழிக் கல்லூரியிலேயே உதவிச் செயலாளரானார். அக்காலத்தில் ஆசிரியர் சிலர் காலந்தாழ்த்து வருதலை வழக்கமாகக் கொண்டிருந்தனராம். அவருட் பலர் இவர்க்கே பாடஞ்சொன்ன பெரியோர். அவரைக் கடிந்து கூறுதல் மாணாக்கராயிருந்தவர்க்குத் தகாது. கூறாது விடுதல் கடமைக்குத் தகாது. என் செய்தார்? நாடோறும் குறித்த நேரத்தில் வாயிலில் வந்து நின்று, தாழ்ந்து வருவாரை இப்பொழுதுதான் வருகின்றீர்களோ என்று மிக்க பணிவுடன் வினவினார் என்றும், சில நாளிலேயே அனைவரும் உரிய நேரத்தில் வரத் தொடங்கினர் என்றும் ஒரு செய்தி வழங்குகின்றது. கண்டிப்பும் பணிவும் ஓரிடத்து உறையலாமென்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

ஆயினும் இவர் எழுதிய சீர்திருத்தத் திட்டத்தைச் செயலாளர் ரசமய தத்தர் ஏற்றிலர். தம் திட்டத்திற்கு இடமில்லாத பதவியில் ஊதியத்தின் பொருட்டு மட்டும் இருத்தலை விரும்பாது 1847இல் வித்தியாசாகரர் அதனைத் துறந்தார். மூன்றாண்டுகட்குப் பின், 1850ஆம் ஆண்டு டிசம்பரில் அக்கல்லூரியில் இலக்கிய ஆசிரியராக மீண்டார். கல்விக் கழகத்தார் வேண்டியவாறு விரிவான அறிக்கை யொன்றனையும் எழுதிக் கொடுத்தார். அதன் சிறப்பை யுணர்ந்த கழகத்தார் செயலாளர் பதவிகளை நீக்கி, 1851ஆம் ஆண்டு சனவரியில் இவரையே கல்லூரித் தலைவராக்கினர். அப்பொழுது இவர்க்கு வயது முப்பது.

தலைவரானபின் இவர் செய்தவை பல. அவற்றுள் தலையாயது இலக்கணம் கற்பிக்கும் முறையை மாற்றியமையாகும். வடமொழி யிலக்கணத்தின் அடிப்படைகளை வங்கமொழியில் விளக்கும் உபக்கிரமணிகை என்னும் சிறுநூலை 1851இல் இயற்றினார். அதனைக் கற்றபின் பயிலுதற்கு எளிய பகுதிகளைத் திரட்டி ரிஜுபாடம் என்னும் வாசகத்தைத் தொகுத்தார். அதன்மேல் வியாகரண கௌமுதி என்னும் விரிந்த இலக்கணத்தை 1853 முதலாகப் பகுதி பகுதியாக வெளியிட்டார். தாய்மொழி வாயிலாக அடிப்படை. அடுத்து எளிய நூற்பயிற்சி. அதன்பின் விரிந்த இலக்கணம் என்னும் இவ்வொழுங்கினால், ஆண்டுகள் பலவற்றை விழுங்கிய கல்வி சிறிது காலத்திற் கைகூடியது. கணிதத்தைப் பழைய வடமொழிச் செய்யுள் நூல்களினின்று நீக்கிப் புதுமுறையிற் கற்பிக்கச் செய்தார். ஆங்கிலத்தைக் கட்டாய பாடமாக்கினார். பிரதமை, அட்டமி ஆகிய திதிகளில் விடப்பெற்று வந்த விடுமுறையை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினார்.

1853ஆம் ஆண்டில் காசி வடமொழிக் கல்லூரித் தலைவர் பாலண்டைன் என்பார் இக்கல்லூரியைப் பார்வையிட்டுத் தாம் எழுதிய சில நூல்களைப் பாடமாக வைக்குமாறு கருத்துரைத்தார். வித்தியாசாகரர் அதற்கு உடன்பட்டிலர். கீழைநாட்டுத் தத்துவமும் மேலைநாட்டுத் தத்துவமும் ஒன்றே யென்று முன்னரே இணைத்துக் காட்டும் சுருக்க நூல்கள் மாணாக்கர்க்குத் தீங்கு பயக்குமென்பதும், மில் என்பாரின் தருக்க நூலை அதன் மூலத்திலேயே கற்று இரண்டனையும் சீர்தூக்கும் ஆற்றலை அவர் பெறவேண்டுமென்பதும் இவர் கொள்கை. இவர் கொண்ட முடிபுகளை நாம் ஏற்பினும் ஏற்காவிடினும், மாணாக்கனுக்கு முடிபைக் கொடுத்தலினும் ஆராயும் வன்மையைக் கொடுத்தலே பாடத்தின் நோக்கம் என்னும் உண்மை இதனாற் புலனாகின்றது.

கல்லூரி வாயிலும் இவராற் சிறிது விரிந்தது. முன்னர் அந்தணரும் வைத்தியருமே அங்கே சேர்தற் குரியர். 1851இற் காயஸ்தர்க்கும், 1854இல் மதிப்புடைய இந்துக்கள் எக்குலத்தாராயினும் அவர்க்கும் இவர் இடந்தருவித்தார். எனினும் கதவு முற்றத் திறந்துவிட்டதென்று கூறுதல் உண்மையாகாது. 1855இற் சுவர்ணவணிக குலத்துப் பிள்ளையொருவரைச் சேர்க்கும் வினா எழுந்தபொழுது, கல்லூரிப் பண்டிதரின் மனநிலையைக் கருதி இவர் அதனை ஆதரித்திலர். பொருள் குறைவாயிருக்குங்கால் எல்லார்க்கும் சிறிது கற்பித்தலினும் மேன்மக்கள் சிலர்க்கு நன்கு கற்பித்தலே தக்கதென 1859இல் துரைத்தனத்தார்க்கு எழுதியதும் உண்டு. பெரியார் வரலாற்றை எழுதுவார் இத்தகைய செய்திகளை மறைத்தல் அப்பெரியார்க்குச் செய்யும் சிறப்பாகாது. தம் ஊராகிய பீர்சிங்காவில் 1853இல் இலவசப் பள்ளியும், பகலெல்லாம் உழைக்கும் உழவர்க்கு இரவுப்பள்ளியும் நிறுவியவரும் இவரே. சொல்லிற் சுருங்கி நின்ற இடத்துச் செயலில் விரிந்து சென்றார் என்று கொள்வதே நேரிது. ஒரு குலத்தார் கூடிக் கல்விப்பணி செய்யுமிடத்து இவ்வரலாறு நமக்கும் சிந்தனைக்குரியதாம்.

அரிச்சுவடி

1855ஆம் ஆண்டில் வெளிவந்த வர்ண பரிசயம் என்னும் இரு பகுதி அரிச்சுவடியே இவர் நூல்களுள் மிகப் பரவியது. பள்ளிகளைப் பார்வையிடப் பல்லக்கிற் செல்லுங்கால் இதனை எழுதினாரென்பர். அதற்கு முன் வங்கச் சிறுவர் உயிர் பதினாறு என்று ஓதினர். வங்கமொழியில் வழங்காத நெட்டெழுத்து இரண்டனை இவர் நீக்கினார், உயிரல்லாத அனுசுவாரம் விசர்க்கம் என்னும் இரண்டனை மெய்யின்பாற் சேர்த்தார், உயிர் பன்னிரண்டாயிற்று. கூட்டெழுத்தாகிய க்ஷகரத்தைத் தனியெழுத்து வரிசையினின்று விலக்கினார், வங்கர் நாவில் தனியொலியாக வழங்கியும் வரிசையில் இடம்பெறாத எழுத்துக்களுக்கு இடந்தந்தார், மெய் நாற்பதாயிற்று. முப்பது முதலெழுத்துக்களோடு தொடங்கும் நம் சிறுவர்க்கு இதன் அருமை எளிதிற் புலப்படாது. ஓதும் எழுத்தும் பேசும் ஒலியும் ஒத்திருத்தல் வேண்டுமென்பதே அவர் கருதியது.

முதற்பகுதியில் கூட்டெழுத்து ஒன்றேனும் வாராது. இரண்டெழுத்துச் சொல், மூன்றெழுத்துச் சொல், சிறு தொடர், சிறு பத்தி என்று படிப்படியாக ஏறும். இரண்டாம் பகுதியிலேயே கூட்டெழுத்துக்கள் முறையாக வரும். முதற்பகுதியில் வரும் கோபாலன் என்னும் நல்ல பிள்ளையும் இராகாலன் என்னும் அடங்காப் பிள்ளையும் வங்க நாட்டு வீடுதோறும் அறியப்பட்டனர். இரண்டாம் பகுதியின் இறுதியில், சிறு திருட்டைக் கண்டும் கண்டிக்காது வளர்த்த சிற்றன்னையின் காதைத் தூக்குமேடைக்குச் செல்லுங்காற் கடித்த புவனன் கதையும் உண்டு. இக்காலத்தார் அக்கதையைக் கொடிதென்பர். எனினும் பிள்ளையின் பிழைக்குப் பெரியோரும் பொறுப்பாவர் என்னும் அதன் கருத்து பெற்றோர்க்கே உரியதாகும்.

இந்நூலின்கண் யான் மிகவும் வியப்பது பிறிதொன்று. நூல் வெளிவந்து இருபதாண்டுகள் கழிந்தபின், 1875இல் அறுபதாம் பதிப்பில், ஆசிரியர்கள் பள்ளியில் எழுத்துக்களை ஒலிப்பிக்கும் வகையில் நேர்ந்த பிழையைக் குறித்து அவர் எச்சரித்தார். சொல்லின் ஈற்றில் அகரம் ஒலிக்குமிடங்கட்குத் தனிக்குறியும் இட்டார். புகழ்பெற்ற தம் நூலை முடிந்த பொருளாகக் கருதாமல், அது வகுப்பறையில் எவ்வாறு வழங்குகின்றது என்று செவிசாய்த்துக் கேட்டுக்கொண்டே யிருந்தார். போதோதயம் (1851), கதாமாலை, சரிதாவளி (1856) முதலாக வந்த பிற நூல்கள் அரிச்சுவடியின் பின் ஏறுதற்குரிய படிகளாக அமைந்தன.

ஆசிரியரை ஆக்கல்

1854ஆம் ஆண்டில் தாய்மொழிக் கல்வியைப் பரப்பும் வழிபற்றி வித்தியாசாகரர் ஒரு குறிப்பு எழுதினார். எழுத்தும் கணக்கும் மட்டும் போதா. பூகோளம், சரித்திரம், பெரியார் வரலாறு, வடிவக்கணிதம், இயற்கை நூல், உடல் நூல் ஆகியனவும் தாய்மொழியிலேயே கற்பித்தல் வேண்டுமென்பது அதன் சாரம். வங்காளத்தின் துணைக் கவர்னர் ஹாலிடே அதனை ஏற்றார். 1855ஆம் ஆண்டு மே மாதம் முதல், கல்லூரித் தலைமையோடு ஹூக்ளி, நதியா, வர்த்தமானம், மேதினிபுரம் என்னும் நான்கு ஜில்லாக்களின் பள்ளி மேற்பார்வையும் இவர்பால் ஒப்படைக்கப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டு முதல் 1856 சனவரிக்குள் ஜில்லாவிற்கு ஐந்தாக இருபது மாதிரிப் பள்ளிகளைத் திறந்தார்.

பள்ளி திறத்தல் எளிது. அதனுள் நின்று கற்பிப்பார் எங்கே? இவ்வினாவிற்கு விடையை அவர் முன்னரே தேடிவைத்தார். மாதிரிப் பள்ளிகள் திறக்கப்படுமுன், 1855 சூலை 17ஆம் நாள், ஆசிரியரைப் பயிற்றும் நார்மல் பள்ளியை வடமொழிக் கல்லூரிக் கட்டடத்திலேயே தொடங்கினார். முறையைக் கவனியுங்கள். முதலில் நூல், அடுத்து ஆசிரியப் பயிற்சி, அதன் பின்னரே பள்ளி. நாமோ முதலிற் கட்டடம் எழுப்பி, பின் பிள்ளைகளைச் சேர்த்து, இறுதியில் ஆசிரியரைத் தேடுகின்றோம்.

நார்மல் பள்ளிக்குத் தலைவராக இவர் தேர்ந்தவர் அட்சயகுமார தத்தர். அவர் தத்துவபோதினி என்னும் இதழை நடத்தி, இயற்கை நூற் கருத்துக்களைத் தெளிந்த வங்க உரைநடையில் எழுதிப் புகழ்பெற்றவர். சமயக் கருத்திலும் வாழ்க்கை வகையிலும் இருவரும் ஒருதன்மையரல்லர். எனினும் ஆசிரியரைப் பயிற்றுதற்குத் தக்கார் எவர் என்பதொன்றனையே வித்தியாசாகரர் நோக்கினார்.

இவ்விடத்தில் என் அநுபவம் ஒன்றைக் கூறுதல் பிழையாகாதென எண்ணுகின்றேன். யான் முதன்முதல் ஒரு பள்ளியிற் பணியேற்ற நாளில், ஐம்பது சிறுவர் அமர்ந்திருந்த அறையைச் சுட்டிக்காட்டியதன்றி எனக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லிற்றிலர். நன்னூற் சூத்திரங்கள் என் நாவில் இருந்தன. சிறுவரின் முகத்தைப் படிக்கும் வகையை யான் அறிந்திலேன். பதினைந்து நாட்கள் கழிந்தபின் அண்டை வகுப்பிலிருந்த முதிய ஆசிரியர் ஒருவர், யான் பாடம் சொல்லுங்கால் கரும்பலகையை நோக்கியே பேசுவதைக் கண்டு, மாலையில் என்னைத் தனியே அழைத்து எடுத்துக்காட்டினார். அன்றுமுதல் ஒருதிங்கள் அவர் வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்து கண்டு கற்றேன். அம்முதியவர் இல்லையேல் யான் இத்தொழிலினின்று நீங்கியிருப்பேன். ஒருவர்க்கு நல்வினையால் வாய்க்கும் இவ்வுதவியை எல்லார்க்கும் முறையாகக் கிடைக்கச் செய்தலே வித்தியாசாகரர் மேற்கொண்ட பணி.

பெண் கல்வியும் பதவி துறத்தலும்

பெண்மக்கட் கல்வியில் இவர் கொண்ட ஆர்வம் பெரிது. பெத்தூன் என்பார் 1849இற் கல்கத்தாவில் நிறுவிய பெண்கள் பள்ளிக்கு 1856இற் செயலாளரானார். ஊர்ப்புறத்துப் பெண்களும் கற்றல் வேண்டுமென்று, ஹாலிடே வாய்மொழியாகக் காட்டிய ஆதரவை நம்பி, 1857 நவம்பர் முதல் 1858 மே வரையில் 35 பெண்கள் பள்ளிகளைத் திறந்தார். ஹூக்ளியில் 20, வர்த்தமானத்தில் 11, மேதினிபுரத்தில் 3, நதியாவில் 1. ஏறத்தாழ 1,300 சிறுமியர் வந்து சேர்ந்தனர்.

அப்பொழுது வடநாட்டில் சிப்பாய்ப் புரட்சி மூண்டு அரசாங்கத்தின் கருவூலம் வறண்டிருந்தது. எழுத்துவடிவில் முன்னிசைவு பெறாது திறந்த பள்ளிகட்குப் பொருளுதவ இயலாதென இந்திய அரசாங்கத்தார் மறுத்தனர். பள்ளிகள் நடந்துகொண்டிருந்தன, ஆசிரியர்க்கோ தொடக்க முதலே சம்பளம் இல்லை. நிலுவை 3,400 ரூபாய்க்கு மேலாயிற்று. அவ்வாசிரியர்கள் அரசாங்கத்தை நம்பி வந்தவரல்லர். தம் சொல்லை நம்பி வந்தவர் என்று கருதிய வித்தியாசாகரர் அக்கடனைத் தம் தலைமேற் கொண்டார். நெடிய எழுத்துப்போருக்குப் பின் நிலுவையை மட்டும் அரசாங்கத்தார் ஏற்றனர். தொடர்ந்து உதவ மறுத்தனர். அதன்பின் நண்பரிடத்துப் பொருள் திரட்டியும் தம் நூல் வருவாயிலிருந்து கொடுத்தும் அப்பள்ளிகள் சிலவற்றைத் தாங்கி வந்தார்.

கல்வி இலாகாத் தலைவர் கார்டன் யங் என்பாருடன் நேர்ந்த கருத்துவேற்றுமையும் இதனோடு சேர்ந்தது. 1858ஆம் ஆண்டு நவம்பரில், மாதம் 500 ரூபாய் வருவாயுள்ள பதவிகள் இரண்டனையும் வித்தியாசாகரர் ஒருங்கே துறந்தார். அப்பொழுது வயது முப்பத்தெட்டு. பெரிய குடும்பமும், கைம்பெண் மணங்களை நடத்திவைத்தமையால் ஏறிய கடனும் அவர்க்கிருந்தன. அரசாங்கப் பணியை அவர் மீண்டும் ஏற்றிலர்.

தம்மவரே நடத்திய கல்லூரி

பதவி துறந்ததனாற் பணி துறந்தாரல்லர். 1859இற் சிலர் கூடித் தொடங்கிய கல்கத்தா பயிற்சிப் பள்ளி சின்னாளில் இவர் பொறுப்பில் வந்தது. 1864இல் அது மெட்ரோபாலிடன் கழகமென்று பெயர் மாறிற்று, 1872இற் கல்லூரியாயிற்று, 1879இற் பி.ஏ. வகுப்பும் பெற்றது. ஆங்கிலேயப் பேராசிரியரின்றிக் கல்லூரி நடவாதென்று எண்ணிய அக்காலத்தில், இந்தியரே ஆசிரியராகவும் நடத்துவோராகவும் இருந்து அதனைச் சிறக்க நடத்திக் காட்டினர். சிறுவரை அடித்தலை இவர் தம் பள்ளியிற் கண்டிப்பாக விலக்கினார்.

சிவில் உத்தியோகத்தினின்று நீக்கப்பட்டு வழியின்றி நின்ற சுரேந்திரநாத பானர்ஜியைத் தம் கல்லூரியில் ஆங்கில ஆசிரியராக அமர்த்தியவர் வித்தியாசாகரரே. அரசாங்கம் வேண்டாவென்று தள்ளிய இளைஞரை அழைத்து மாணாக்கர் முன் நிறுத்துதற்குத் துணிவு வேண்டும். அவ்விளைஞர் பின்னர்ச் சிறந்த ஆசிரியராகவும் நாட்டுத் தலைவராகவும் விளங்கினார். இளமையில் இவர் ஆதரவிற் பயின்ற ஹரப்பிரசாத சாஸ்திரியார், பிற்காலத்தில் 1907இல் நேபாளத்திற் பழைய வங்கப் பாடல்களின் ஏட்டைக் கண்டெடுத்துப் புகழ்பெற்றார். 1884இற் சந்திரமுகி வசு என்னும் பெண்மணி எம்.ஏ. பட்டம் பெற்றபொழுது, வித்தியாசாகரர் மகிழ்ந்து ஷேக்ஸ்பியர் நூற்றொகுதியை அவர்க்குப் பரிசளித்தார். அப்பெண்மணி பெத்தூன் கல்லூரியின் தலைவராகவும் அமர்ந்தார். சம்பளமின்றி நின்ற ஊர்ப்பள்ளிச் சிறுமியர்க்காகப் பதவியிழந்தவர்க்கு அந்நாள் எத்தகைய மகிழ்ச்சி தந்திருக்கும் என்பதை நாம் உய்த்துணரலாம்.

இறுதிக்காலத்தில் மனிதர் நன்றியின்மையாற் பலவாறு புண்பட்ட வித்தியாசாகரர், இந்நாளில் ஜார்க்கண்ட் மாநிலத்தைச் சார்ந்த கர்மாடார் என்னும் இடத்திற் சந்தால் மக்களிடையே வீடமைத்து அவ்வப்போது தங்கினார். அவர்க்கு மருந்து கொடுத்தும் கல்வி பயிற்றியும் வந்தார். அவ்வூர்ப் புகைவண்டி நிலையம் இவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. 1891ஆம் ஆண்டு சூலை மாதம் 29ஆம் நாள் கல்கத்தாவில் இவர் உலகு நீத்தார். மெட்ரோபாலிடன் கல்லூரி 1917இல் வித்தியாசாகர் கல்லூரியெனப் பெயர் பெற்றது.

நாம் கொள்ளத்தக்கது

அன்பர்களே, இப்பெரியாரின் வரலாற்றிலிருந்து நம் சங்கத்தார் எடுத்துக்கொள்ளத்தக்க செய்கை ஒன்றனைக் கூறி முடிக்கின்றேன். ஆண்டுதோறும் நம் பிள்ளைகட்குப் பரிசு வழங்குகின்றோம், அது நன்று. ஆனால் ஆண்டுதோறும் நம் குடும்பங்களினின்று புதிதாக ஆசிரியத் தொழிலிற் புகும் இளைஞரும் மகளிரும் தம் முதலாண்டில் தனியே நின்று தடுமாறுகின்றனர். அவரை நாம் நினைத்திலோம். நம்முள் ஓய்வுபெற்ற ஆசிரியர் பலர் உள்ளனர். ஒவ்வொருவரும் ஒரு புதிய ஆசிரியரை, அவர் நம் சங்கத்தைச் சார்ந்தவராயினும் அயலாராயினும், ஓராண்டுக்குத் தம் பொறுப்பாகக் கொண்டு, வாரத்திற்கு ஒருமுறை அவர் சொல்வதைக் கேட்டு, தாம் பட்டறிந்ததை எடுத்துரைப்பாராயின் அதற்குச் செலவு யாதும் இல்லை. ஓர் ஆசிரியர் திருந்தின் அவர் வாழ்நாளில் ஆயிரம் சிறுவர் திருந்துவர்.

சாலையோரத்துக் கல்லைக் காட்டி எண் கற்பித்த தந்தையார் பெரிய பண்டிதரல்லர், வறிய குடும்பத்தவரே. எட்டு வயது மகனோடு நடந்த வழியிலேயே அவர் கற்பித்தார். நாமும் நாம் செல்லும் வழியில், உடன்வரும் இளையோர்க்கு இயன்றதைக் கற்பித்துச் செல்வோமாக. வித்தியாசாகரர் புகழ் வாழ்க!